பாரம்பின்: குட்டையை மூடினார்கள், திறப்போம் என்றார்கள், இப்போது அரங்கம் கட்டுகிறார்கள்

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் ‘பவுண்டரி ஸ்ட்ரீட்’ என்ற பெயரில் இரண்டு தெருக்கள் இருக்கின்றன. ஒன்று ஸ்பிரிங் ஹில் பகுதியில், மற்றொன்று ஆற்றுக்குத் தெற்கே வெஸ்ட் எண்டில். தமிழில் சொன்னால் எல்லைத் தெரு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நகரம் அங்கே முடிந்தது. பூர்வகுடி மக்கள் பகலில் உள்ளே வரலாம். விறகு பிளக்கலாம், தண்ணீர் சுமக்கலாம், மீன் விற்கலாம். மாலை 4 மணிக்கு மேல் எல்லைக்குள் இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்கத் தடை. குதிரையில் வந்த காவலர்கள் சாட்டையைச் சொடுக்கி விரட்டிய கதையை அந்தக் குடும்பங்கள் இன்றும் சொல்கின்றன. தெருப் பலகைகள் இன்றும் அதே பெயரில்தான் நிற்கின்றன.

இதைப் படிக்கும் நமக்கு விளக்கவுரை தேவைப்படாது. உழைப்பு ஊருக்குள், உடல் ஊருக்கு வெளியே என்ற ஏற்பாடு நம் பாட்டன் பூட்டன் அறிந்ததுதான். பொதுத் தெருவிலும் பொதுக் கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்பதைச் சொல்லவே 1924-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து மகத் நகரில் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடிக்க அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிச் சென்றார். தெரு, தண்ணீர், நிலம். இந்த மூன்றும் ஒரே கணக்கில் வருபவை என்பதால்தான் பிரிஸ்பேனில் ஒரு பூங்காவைச் சுற்றி நடக்கும் சண்டையை இங்கே எழுதுகிறோம்.

பூங்காவின் பெயர் விக்டோரியா பார்க். சொந்தப் பெயர் பாரம்பின். ஸ்பிரிங் ஹில்லுக்கு வடக்கே, எல்லைத் தெருவுக்கு அப்பால் இருக்கும் மேடும் பள்ளமுமான நிலம். ‘காற்று வீசும் இடம்’ என்று பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். மேட்டிலிருந்து இறங்கிய நீர் பள்ளத்தில் தேங்கிக் குட்டைகளாக, ஒன்றுக்கு அடுத்து ஒன்றாகச் சங்கிலிபோல் நின்றது. அடியில் களிமண் என்பதால் நீர் எளிதில் இறங்கிவிடாது. நீர் இருந்ததால் மீனும் பறவையும் இருந்தன, அவை இருந்ததால் மனிதர்கள் இருந்தார்கள். டர்பல், யாகரா மக்கள் தங்கிய இடம் இது. பன்யா மரம் காய்க்கும் பருவத்தில் தொலைவிலிருந்து வரும் கூட்டங்கள் தங்கிச் செல்லும் இடமும் இதுதான். கூத்தும், மணவுறவுப் பேச்சும், வழக்குத் தீர்ப்பும், வழக்குத் தீராவிட்டால் முறைப்படி நடக்கும் சண்டையும் இங்கே நடந்திருக்கின்றன. சிறுவயதிலேயே அந்த மக்களின் மொழியைக் கற்றுக்கொண்ட டாம் பெட்ரி என்ற வெள்ளையரின் நினைவுகளை அவர் மகள் தொகுத்து 1904-இல் நூலாக வெளியிட்டார். நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இங்கே கூடியதை அதில் வாசிக்கலாம்.

வெள்ளையர்கள் இந்தப் பள்ளத்துக்கு ‘யார்க்ஸ் ஹாலோ’ என்று பெயர் வைத்தார்கள். அங்கே வாழ்ந்த குலத்தின் தலைவரை அவர்கள் ‘டியூக் ஆஃப் யார்க்’ என்று அழைத்துவந்தார்கள். இங்கிலாந்து இளவரசரின் பட்டத்தை ஒரு கறுப்பருக்குக் கேலியாகச் சூட்டி, அந்தக் கேலிப் பெயரையே அவர் நிலத்துக்கும் வைத்துவிட்டார்கள். நம் ஆட்களுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பட்டப்பெயர்களே பள்ளிப் பதிவேட்டில் ஏறிய கதையை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

மோர்டன் விரிகுடாக் கைதிக் குடியிருப்பு 1824-இல் தொடங்கியது, அடுத்த ஆண்டு பிரிஸ்பேனுக்கு இடம் மாறியது. 1842-இல் சுதந்திரக் குடியேற்றத்துக்கு வாசல் திறந்தது. அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. குட்டைகளைத் தேக்கிய அதே களிமண், செங்கல் அறுப்பவர்களை யார்க்ஸ் ஹாலோவுக்கு இழுத்து வந்தது. நகரத்துச் சுவர்களுக்கான மண்ணை அந்த முகாமின் அடிநிலத்திலிருந்து வெட்டி எடுத்தார்கள். 1846-லும் 1849-லும் முகாம் தாக்கப்பட்டது, துப்பாக்கிச் சூடு நடந்தது. இரண்டாவது தடவை சுட்டவர்கள் படைச் சிப்பாய்கள்.

அதே 1849 சனவரியில்தான் ‘ஃபார்ட்டிடியூட்’ என்ற கப்பல் வந்து சேர்ந்தது. ஜான் டன்மோர் லாங் என்ற பாதிரியார் நிலம் தருவதாகச் சொல்லி ஏற்றிவந்த குடியேறிகள் அதில் இருந்தார்கள். அவர் அரசிடம் அனுமதி வாங்கவில்லை. கரையிறங்கியவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. ஏழைகள், ஏமாற்றப்பட்டவர்கள். அவர்களை எங்கே தங்க வைத்தார்கள் தெரியுமா? யார்க்ஸ் ஹாலோவுக்கு அருகில். மேலே இருப்பவன் கொடுத்த பொய் வாக்குறுதிக்கான விலையைக் கீழே இருப்பவனின் நிலத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது எல்லா நாட்டிலும் பழகிய தந்திரம். அந்தக் கப்பலின் பெயரில் ‘ஃபார்ட்டிடியூட் வேலி’ என்று ஒரு பகுதி இன்று பிரிஸ்பேனில் இருக்கிறது. கேளிக்கை விடுதிகளுக்குப் பெயர்போன இடம்.

1855 சனவரி 5 அன்று, காலனியத்தை எதிர்த்து நின்ற டண்டாலியை குயீன் ஸ்ட்ரீட்டில் பொதுமக்கள் முன்னிலையில் தூக்கிலிட்டார்கள். அவருடைய மக்கள் அருகிலிருந்த காற்றாலைக் குன்றின் மேல் நின்று பார்த்தார்கள். 1859-இல் குயின்ஸ்லாந்து தனிக் காலனி ஆனது.

பிறகு வந்ததுதான் பூங்கா. 1875-இல் ஏறத்தாழ 130 ஹெக்டேரை, அதாவது சுமார் 320 ஏக்கரை, மகாராணி விக்டோரியாவின் பெயரால் பொதுப் பூங்காவுக்கென ஒதுக்கினார்கள். ‘பொது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த நிலத்தில் வாழ்ந்தவர்கள் அந்தப் பொதுவில் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பொதுவுக்கும் நிலம் முழுதாகக் கிடைக்கவில்லை. மருத்துவமனைக்கு, பள்ளிக்கு, கண்காட்சித் திடலுக்கு, ரயில் பாதைக்கு, வீட்டுமனைக்கு என்று சுற்றுவட்டம் துண்டு துண்டாகப் போனது. பழைய கூடுமிடத்தின் ஒரு பகுதியில்தான் 1876 முதல் குயின்ஸ்லாந்தின் பெரிய விவசாயக் கண்காட்சி நடந்துவருகிறது. 1931-இல் மீதியில் பெரும்பகுதி கோல்ஃப் மைதானமானது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படை முகாம் போட்டது, போர் முடிந்ததும் அந்தக் கொட்டகைகள் வீடில்லாதவர்களுக்கான தற்காலிகக் குடியிருப்பாயின. 2002-இல் ஒரு புறவழிச் சாலை வந்தது. இன்றைக்கு எஞ்சியிருப்பது சுமார் 64 ஹெக்டேர். முதலில் ஒதுக்கியதில் பாதி.

சங்கிலியாகக் கிடந்த குட்டைகள் மண்ணுக்கும் குழாய்க்கும் அடியில் போய்விட்டன. ஒரு நகரம் நீரை மறைப்பதற்கும் மனிதர்களை மறைப்பதற்கும் ஒரே முறையைத்தான் கையாளுகிறது என்று நமக்குத் தோன்றுகிறது. முதலில் அசுத்தம் என்று சொல்வது, பிறகு மூடுவது, கடைசியில் அங்கே எதுவுமே இருந்ததில்லை என்பது. கூவம் கரையிலிருந்தும் அடையாற்றின் கரையிலிருந்தும் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் தூக்கிப்போடப்பட்டவர்களுக்கு இதன் முதல் இரண்டு கட்டங்கள் நன்றாகவே தெரியும்.

ஆனால் ஒப்பீட்டில் நாம் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். இளம் தோழர்கள் பலர் ‘அங்கே பூர்வகுடி, இங்கே தலித், இரண்டும் ஒன்றுதான்’ என்று பேசிவிடுகிறார்கள். ஒன்றல்ல. ஆஸ்திரேலியாவில் குடியேறிகளுக்கு முதலில் தேவைப்பட்டது நிலம், அதில் இருந்த மனிதர்கள் அவர்களுக்கு இடைஞ்சல். இங்கே சாதி இந்துக்களுக்கு நம் உழைப்பு தேவைப்பட்டது. அதனால் நிலத்தைப் பிடுங்கிய பிறகும் நம்மை அதன் பக்கத்திலேயே கட்டிப்போட்டார்கள். அவர்களைத் துரத்தினார்கள், நம்மைப் போகவிடவில்லை. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம்மை ‘ஆதித் தமிழர்’ என்று பதியச் சொன்ன அயோத்திதாசர் முன்வைத்ததும் ஒரு பூர்வகுடி வாதம்தான். அந்தச் சொல் நமக்கும் அவர்களுக்கும் பொதுவாக இருக்கலாம், வரலாறு வேறு.

துரத்தியது எப்படி என்பதையும் பார்த்துவிடுவோம். 1897-இல் குயின்ஸ்லாந்து அரசு பூர்வகுடிகள் ‘பாதுகாப்பு’ச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன்படி எந்தப் பூர்வகுடியையும் அவர் விருப்பத்தைக் கேட்காமல் அரசின் காப்பிடங்களுக்கு அனுப்பலாம். எங்கே வேலை செய்வது, யாரை மணப்பது என்பதற்கெல்லாம் அதிகாரியின் அனுமதி வேண்டும். கூலியும் அவர்கள் கைக்கு நேராகப் போகாது, அதிகாரியின் பொறுப்பில் இருக்கும். இப்படிப் பல பத்தாண்டுகள் பிடித்துவைத்த கூலிக்காக வழக்குத் தொடுத்து, 2019-இல் 19 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு அரசைச் சமரசத்துக்கு வரவைத்தார்கள். திருடப்பட்ட கூலி என்றே அந்த வழக்குக்குப் பெயர். பலருடைய கணக்கில் அந்தப் பணம் பேரப்பிள்ளைகளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

இப்போது நிலத்துக்கு வருவோம். யாருக்கும் சொந்தமில்லாத வெற்று நிலம் என்ற காலனியக் கட்டுக்கதையை 1992 ஜூன் 3 அன்று மாபோ வழக்கில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தூக்கி எறிந்தது. அடுத்த ஆண்டு பூர்வகுடி நில உரிமைச் சட்டம் வந்தது. ஆனால் உரிமை கோருபவர்கள், வெள்ளையர் வந்த நாளிலிருந்து இன்றுவரை தங்கள் மரபுச் சட்டமும் வழக்கங்களும் அறுபடாமல் தொடர்வதாக நிரூபிக்க வேண்டும். பிரிஸ்பேன் நிலத்துக்காக டர்பல் மக்கள் ஒரு மனுவும் யுகரா மக்கள் ஒரு மனுவும் போட்டார்கள். 2015-இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது: அந்தப் பகுதியில் பூர்வகுடி நில உரிமை என்று எதுவும் இல்லை. மேல்முறையீடும் நிற்கவில்லை. மாலை 4 மணிக்குச் சாட்டையால் விரட்டிவிட்டு, 1897-இல் சட்டம் போட்டு வேறிடத்துக்கு ஏற்றிவிட்டு, ‘நீங்கள் இங்கே தொடர்ந்து இருந்ததற்குச் சான்று எங்கே?’ என்று கேட்கிற நீதி. பஞ்சமி நில வழக்குகளில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைந்தவர்கள் இந்தக் கேள்வியை வேறொரு வடிவில் கேட்டிருப்பார்கள். நிலத்தை எழுதி வாங்கியவன் கையில் பத்திரம் இருக்கும், இழந்தவன் கையில் நினைவு மட்டும்தான் இருக்கும்.

இந்தப் பின்னணியோடு படித்தால்தான் மாநகராட்சியின் பூங்காத் திட்டம் புரியும். 2019-இல் பிரிஸ்பேன் மேயர் ஏட்ரியன் ஷ்ரின்னர், கோல்ஃப் மைதானத்தை மூடிவிட்டு எல்லோருக்குமான பூங்காவாக்கப் போவதாக அறிவித்தார். 2021 ஜூன் இறுதியோடு 90 ஆண்டு கோல்ஃப் முடிந்தது. பூர்வகுடிகளோடும் நகர மக்களோடும் கலந்துபேசி 2023-இல் முழுத் திட்டம் வந்தது. விக்டோரியா பார்க் என்பதோடு பாரம்பின் என்ற பெயரும் அதிகாரப்பூர்வமாகச் சேர்ந்தது. திட்டத்தின் முதுகெலும்பு தண்ணீர். புதைந்துபோன குட்டைகளின் நினைவாக நீர்நிலைகளை மீட்பது, மழைநீரைக் குழாயில் விரட்டாமல் தாவரங்கள் நிறைந்த ஈரநிலத்தில் நிறுத்தி வடியவிடுவது, இந்த மண்ணுக்குரிய மரங்களைத் திரும்ப நடுவது, மூத்தோர் கதை சொல்லவும் மக்கள் கூடவும் இடம் விடுவது.

இதை நாம் எப்படி எடுத்துக்கொள்வது? நம்மில் ஒரு தரப்பு உடனே உதட்டைப் பிதுக்கும். நிலத்தைத் தராதவன் பெயர்ப்பலகை தருகிறான், சிலை வைத்து வாயடைப்பதைப் போல, என்று. அந்தச் சந்தேகம் நியாயமானது. நீதிமன்றம் உரிமை இல்லை என்று சொன்ன நான்கே ஆண்டுகளில், அந்த மரபை அழகுக்காக அழைத்துவருவது ஆட்சியாளர்களுக்கு எளிது, செலவும் இல்லை. முடிவெடுக்கும் அதிகாரம் கடைசிவரை மாநகராட்சியிடமே இருந்தது. பூர்வகுடிகள் ஆலோசனை சொல்பவர்கள் மட்டும்தான்.

ஆனாலும் அதோடு நிறுத்திக்கொள்வது சரியில்லை என்று நினைக்கிறோம். எல்லைக்கு வெளியே துரத்திய அதே நகரத்தின் ஆட்சி, ‘இது இன்னாரின் இடம், இங்கே இன்ன நீர்நிலைகள் இருந்தன, இங்கே அவர்கள் தாக்கப்பட்டார்கள்’ என்று தன் கைப்பட எழுதிய ஆவணம் ஒன்று உருவாகியிருக்கிறது. ஆவணம் இல்லாத மக்களுக்கு அது சிறிய பொருள் அல்ல. 1891-இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கை காலனிய அதிகாரியின் அறிக்கைதான். பஞ்சமி நிலம் கேட்டு நிற்கும் ஒவ்வொரு கிராமத்திலும் இன்றும் அதை நீட்டுகிறோம். எழுதியவன் யார் என்பதற்கும் பிறகு அதை யார் கையில் எடுப்பது என்பதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை.

கோல்ஃப் மூடிய அடுத்த மாதமே, 2021 ஜூலையில், 2032 ஒலிம்பிக் போட்டிகள் பிரிஸ்பேனுக்கு என்று முடிவானது. பெரிய அரங்கம் எங்கே கட்டுவது என்ற பேச்சு கிளம்பியது. 2024 மார்ச்சில் முன்னாள் மேயர் கிரஹாம் குவிர்க் தலைமையிலான ஆய்வு விக்டோரியா பார்க்கைப் பரிந்துரைத்தது. அப்போதைய தொழிற்கட்சி முதல்வர் ஸ்டீவன் மைல்ஸ் அதை ஏற்கவில்லை. அக்டோபரில் தேர்தல். எதிர்க்கட்சித் தலைவர் டேவிட் கிரிசஃபுல்லி, புதிய அரங்கம் எதுவும் கட்டமாட்டோம் என்று வாக்குக் கொடுத்து வென்று முதல்வரானார். 2025 மார்ச் 25 அன்று அவரே அறிவித்தார்: பாரம்பினில் 63,000 இருக்கைகள் கொண்ட அரங்கம், மதிப்பீடு சுமார் 380 கோடி டாலர். பக்கத்திலேயே நீச்சல் போட்டிகளுக்கு இன்னொரு பெரிய மையம்.

வாக்கை மீறியதைவிட அடுத்து நடந்ததுதான் சட்டம் படிக்கும் நம் மாணவர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டியது. 2025 ஜூனில் மாநிலச் சட்டமன்றம் ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. ஒலிம்பிக் கட்டுமானங்களுக்குத் திட்டமிடல், சுற்றுச்சூழல், மரபுப் பாதுகாப்பு உள்ளிட்ட 15 சட்டங்கள் தடையாக நிற்க முடியாது. 2007 முதல் மாநில மரபுப் பட்டியலில் இருக்கும் பூங்காவுக்கு அந்தப் பட்டியலின் காவலே இல்லாமல் போனது. பூர்வகுடிப் பண்பாட்டு மரபு விஷயத்திலும் வழக்கமான பேச்சுவார்த்தை முறையை ஒதுக்கிவிட்டு, இந்த வேலைகளுக்கென்று ஒரு தனி நடைமுறை. ஒரு சட்டத்தை ரத்து செய்தால் ஊர் கேள்வி கேட்கும். ‘இந்த இடத்துக்கு மட்டும் பொருந்தாது’ என்று எழுதினால் சத்தமே வராது. நம் ஊரில் பொதுநோக்கம் என்ற ஒற்றைச் சொல்லில் எத்தனை ஏக்கர் போயிருக்கிறது என்று கணக்குப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல.

விளையாட்டுக்காகத் தனிச் சட்டம் போடுவது பிரிஸ்பேனுக்கும் புதிதல்ல. 1982-இல் காமன்வெல்த் போட்டிகள் அங்கே நடந்தபோது, பியெல்கி பீட்டர்சன் அரசு போலீசுக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்து ஒரு சட்டம் கொண்டுவந்தது. பூர்வகுடிகள் மஸ்கிரேவ் பூங்காவில் முகாமிட்டு, உலகத்தின் கேமராக்கள் பார்க்க நில உரிமை கேட்டு ஊர்வலம் போனார்கள். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். அந்தப் போராட்டத்தின் வேர் 1972-இல் இருக்கிறது. அந்த ஆண்டு சனவரி 26 அன்று, நாம் குடியரசு தினம் கொண்டாடும் அதே நாளில், கான்பெரா நாடாளுமன்றத்தின் எதிரே பூர்வகுடி இளைஞர்கள் கூடாரம் அடித்துத் தூதரகம் என்று பெயர் வைத்தார்கள். ஏறத்தாழ அதே நேரத்தில் பிரிஸ்பேனில் டெனிஸ் வாக்கரும் சாம் வாட்சனும் ஆஸ்திரேலியாவின் பிளாக் பாந்தர் கட்சியைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு பம்பாயில் தலித் பாந்தர்கள். ஓக்லாந்திலிருந்து வந்த ஒரே பொறி ஒரே ஆண்டில் இரண்டு நகரங்களில் பற்றியது. இதைத் தனியாகவே எழுத வேண்டும், எழுதுவோம்.

2025 ஆகஸ்டில் யாகரா மகாண்ட்ஜின் பூர்வகுடிக் கழகமும், பூங்காவைக் காக்கத் திரண்ட நகர மக்கள் அமைப்பும் கூட்டாட்சி அரசிடம் போனார்கள். பாரம்பினை நிரந்தரமாகப் பாதுகாக்கக் கோரி மனு கொடுத்தார்கள். நில உரிமை இல்லை என்று நீதிமன்றம் கைவிரித்துவிட்டதால், அவர்கள் பிடித்துக்கொண்டது 1984-ஆம் ஆண்டின் பூர்வகுடி மரபுப் பாதுகாப்புச் சட்டம். மாநிலச் சட்டங்கள் கைவிடும்போது கடைசியாகத் தட்டும் கதவு அது. அதிலும் முடிவு ஒன்றிய அமைச்சரின் விருப்பத்தில் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. நாடு முழுமைக்குமான நில உரிமைச் சட்டம் விரைவில் வரும், அதுவரை சமாளிப்பதற்கு என்று சொல்லி, இரண்டே ஆண்டு ஆயுளோடு, ‘இடைக்கால’ என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்து அதைக் கொண்டுவந்தார்கள். நில உரிமைச் சட்டம் சொன்னபடி வரவில்லை. 1986-இல் இடைக்கால என்ற சொல்லை எடுத்துவிட்டு இதையே நிரந்தரமாக்கினார்கள்.